அத்தா பெயருக்கு வந்த பெட்டி

எனக்கு யார் மேலும் சீக்கிரம் நம்பிக்கை வராது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருப்பவனுக்கு அது தொழில் புத்தி. டப்பாவைத் திறந்து குச்சி விட்டுக் கலக்கிப் பார்க்காமல் சரக்கு இறக்க மாட்டேன். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். பிறகு பக்கத்துக் கடை மீனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பேன். “என்னக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி எங்க வூட்டப் பத்தி எத்தினி பேர்கிட்ட விசாரிச்சீங்கன்னு ஊருக்கே தெரியும்” என்பாள் என் மனைவி. தெரியட்டுமே. விசாரித்தது தப்பா?

அண்ணன் ஒருவரிடம் மட்டும் நான் செவுளைத் தூக்கிப் பார்த்ததில்லை. அத்தா மவுத்தானபோது வீட்டுக்கோ கடைக்கோ எந்தக் காகிதமும் எழுதவில்லை. அத்தா பெயரில் இருந்த இரும்புக் கடையை அண்ணன் பார்த்துக்கொண்டார். கீழ் வீட்டில் அவர் குடும்பம், மாடியில் என் குடும்பம், மொட்டை மாடியில் என் புறாக்கள். அக்காவை எலவனாசூர்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஆறு வருஷம் வெறும் வாய்ச்சொல்லில் ஓடியது. “பத்திரம் போட்டுக்கங்கடா” என்று ஜமாத்தில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் மூக்கு மேல் வரும்.

புறா என்றால் கறிக்கு வளர்க்கும் புறா இல்லை. ஹோமர். எங்கே கொண்டுபோய் விட்டாலும் பிறந்த கூட்டுக்கே திரும்பி வரும் ஜாதி. ஊரில் ஹோமர் வளர்ப்பவர்கள் என்னோடு சேர்த்து ஐந்து பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி மலை வளைவுகளில் குடல் புரளப் போய், வெள்ளிமலையில் இறங்கி, ஐந்து கூடைகளையும் ஒரே நேரத்தில் திறப்போம். எவன் புறா முதலில் வீடு சேருகிறதோ அவனுக்கு ஜெயம்.

சேர்ந்த நேரத்தை யார் சொல்வது? அங்கேதான் வம்பே. ஒவ்வொருவன் வீட்டு மாடியிலும் அவனவன் ஆள் உட்கார்ந்துகொண்டு போன் பண்ணிச் சொல்லுவான். டெய்லர் ஒருவர் இருந்தார். அவர் புறா ஒவ்வொரு வாரமும் என் புறாவை இரண்டே நிமிடத்தில் முந்தும். மழை பெய்தாலும் இரண்டு நிமிடம், வெயில் அடித்தாலும் இரண்டு நிமிடம். “இன்னா டெய்லரே, உங்க பொறா என் போனுக்காகக் காத்துக்கினு இருக்குமோ?” என்று கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: “உங்க வூட்டுக் கடியாரம் மட்டும் யோக்கியமா பாய்?” எங்கள் கீழ் வீட்டுக் கூடத்துச் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும். தொழுகைக்குப் பிந்திவிடக் கூடாது என்று அத்தா அப்படி வைத்தது. அண்ணன் அதைத் திருத்தவே இல்லை.

அப்போதுதான் போனில் வேறொரு கடிகாரத்தைப் பார்த்தேன். பெல்ஜியத்தில் பந்தயப் புறாக்காரர்கள் பயன்படுத்தியது. மரப்பெட்டிக்குள் பித்தளை எந்திரம். புறா வந்ததும் அதன் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி ஒரு சின்னக் குப்பியில் போட்டு, பெட்டியின் ஓட்டைக்குள் தள்ளிச் சாவியைத் திருக வேண்டும். உள்ளே காகிதச் சுருளில் நேரம் அச்சாகிவிடும். பெட்டிக்குக் கம்பி போட்டு ஈயத்தில் முத்திரை வைத்திருப்பார்கள். முத்திரையை வெட்டாமல் யாரும் நேரத்தில் கை வைக்க முடியாது. யாரும் யாரையும் நம்பத் தேவையே இல்லாத ஒரு சாமான்! அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளிநாட்டுச் சாமானோடு எனக்கு ஏற்கெனவே பட்ட அனுபவம் உண்டு. முதலில் புறாக் கால் வளையம் ஐம்பது வரவழைத்தேன். நாலு மாதம் கழித்து வந்த உறை வெட்டி ஒட்டப்பட்டிருந்தது, உள்ளே முப்பத்தெட்டு. அடுத்து புறாவுக்குத் தண்ணீரில் கலக்கும் சத்துப் பொடி. வெள்ளைப் பொடி அல்லவா? என்ன பொடி, எதற்குப் பொடி, எந்த மிருக வைத்தியர் எழுதிக் கொடுத்தார் என்று சுங்கத்திலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். கடைசியில் பொடியை அவர்களே அழித்துவிட்டதாக ஒரு சீட்டு வந்தது. இரண்டுக்கும் நான் போனில் பார்சலின் நடமாட்டத்தைப் பார்த்துப் பார்த்தே பாதி செத்தேன். ‘சுங்கத்தில் நிறுத்தப்பட்டுள்ளது’ என்ற ஒரே வரியை நாளைக்கு நாற்பது தடவை பார்ப்பது ஒரு பொழுதுபோக்கா? இனி ஒரு ஊசி கூட வெளிநாட்டிலிருந்து வாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். கடிகாரத்துக்காக அதை முறித்தேன்.

விற்றவர் ஒரு வயசானவர். வாரத்துக்கு ஒரு வரி பதில் போடுவார். அந்த வலைத்தளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அத்தா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக முன்னால் போட்டால் தீர்ந்தது. ஒரு எழுத்தை வாங்க மாட்டேன் என்றது அந்தக் கட்டம். முதல் கட்டத்தில் என் பெயரையும், கடைசிக் கட்டத்தில் அத்தா பெயரை முழுசாகவும் போட்டேன். அந்த மனுஷன் அவர்கள் ஊர் மரியாதைப்படி என் பெயரை ஒதுக்கிவிட்டு, திருவாளர் என்று அத்தா பெயரை மட்டும் பெட்டி மேல் எழுதி அனுப்பிவிட்டார்.

இது எனக்குத் தெரியாது. பார்சல் சென்னைக்கு வந்துவிட்டது என்று போன் சொன்னது. பிறகு அதே பழைய வரி. ஒரு வாரம், இரண்டு வாரம். மூன்றாவது வாரம் ‘பெறுநருக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது’ என்று வந்தது. பெறுநர் நான்தானே, எங்கே அறிவிப்பு? எனக்குத் தபால்காரர் மேல் சந்தேகம் வந்தது. முப்பத்தெட்டு வளையம் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். மீதிப் பன்னிரண்டை அவர் என்ன செய்திருப்பார், அவரிடம் புறா இருக்கிறதா என்று எல்லாம் நான் யோசிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே சைக்கிளை மறித்துக் கத்தினேன்.

“எங்க என் நோட்டீசு? யார்கிட்ட வித்த?”

அவர் காலை ஊன்றி நின்றார். முகம் சுண்டிவிட்டது. “இன்னா பாய், இப்பிடிப் பேசுறீங்க? நாலு நாளைக்கு முன்னாடியே கொடுத்துட்டேங்க.”

“யார்கிட்ட?”

“உங்க அண்ணன்கிட்டதான். உங்க அத்தா பேரு போட்டு இருந்துது. இரும்புக் கடைப் பேரும் அதுதானேங்க.”

தபால்காரரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கூடக் கேட்காமல் திரும்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், ஆனால் அன்று கேட்கவில்லை.

நாலு நாளாக அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நாலு நாளாக நடந்ததெல்லாம் இப்போது எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. வருஷக்கணக்கில் மாடிப் படி ஏறாதவர், முந்தாநாள் மொட்டை மாடிக்கு வந்து புறாக் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அத்தாவோட டிரங்குப் பொட்டி எங்கடா?” என்று கேட்டார். அவரே அதை எடைக்குப் போட்டுவிட்டு என்னிடம் நோட்டம் பார்க்கிறாரோ என்று நான் நினைத்தேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன். அதற்கு முன் ஒருநாளும் அவரை அப்படி நினைத்ததில்லை. அதை நினைக்க எனக்கு ஒரு கேள்வி போதுமாக இருந்தது. டிரங்குப் பெட்டி அக்கா வீட்டில் போர்வை போட்டு வைக்க இருந்திருக்கிறது.

அன்று மத்தியானம் அண்ணன் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். கல்லாப்பெட்டியைத் திறந்து அந்த நோட்டீசை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“அத்தாவுக்கு வெளிநாட்டுலேர்ந்து இன்னாடா வருது?”

“அத்தாவுக்கு இல்லண்ணே. எனக்கு வருது.”

“பேரு அத்தா பேரு போட்டுகீது.”

கட்டத்தைச் சொன்னேன், நட்சத்திரத்தைச் சொன்னேன், பெல்ஜியத்துக் கிழவரைச் சொன்னேன், கடிகாரத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே பொய் மாதிரி இருந்தது. அத்தா இளவயசில் மலேயாவில் ஒரு கடையில் ஆறு வருஷம் இருந்தவர். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு குடையும்தான் கொண்டுவந்தார். அங்கே ஏதோ விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. அதை வாயில் போட்டு மென்றே வளர்ந்தவர்கள் நாங்கள்.

“இது பெல்ஜியம்ணே. மலேசியா இல்ல.”

“எல்லாம் வெளிநாடுதான்” என்றார். “செத்துப்போன மனுசன் பேருக்கு, பொறாவுக்குக் கடியாரம். இத நான் நம்பணும்.”

நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. “நீங்க நாலு நாளா ஒளிச்சு வச்சீங்களே, அத இன்னான்னு சொல்றது?” என்று கத்திவிட்டு வந்தேன்.

சுங்கத்திலிருந்து பெட்டியை விடுவிக்க, பெயர் உள்ளவரின் அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். அவர் மவுத்தாகிவிட்டார் என்று எழுதினேன். அப்படியானால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளும் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்ட பத்திரம் என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. செத்தவர் பெயருக்கு எந்திரம் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பெயரை மாற்றித் தரச் சொல்லி பெல்ஜியத்துக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, ‘உங்கள் தந்தைக்கு என் வணக்கங்கள், புறாக்கள் நலமா?’ என்று ஒரு வரி வந்தது.

ஆக, ஒரு புறாக் கடிகாரத்துக்காக எங்கள் குடும்பம் முதன்முதலாக வாரிசுச் சான்றிதழ் எடுத்தது. ஆறு வருஷம் நாங்கள் தொடாமல் விட்டிருந்த காகிதம் அது. தாலுகா ஆபீசில் மூன்று பெயரும் வரிசையாக எழுதியிருப்பதை அண்ணன் வெகுநேரம் பார்த்தார். அக்காவிடம் கையெழுத்து வாங்க எலவனாசூர்கோட்டைக்குப் போனோம். டீ கொடுத்துவிட்டு அக்கா சொன்னாள்: “எனக்கு எதுவும் வேணாம்டா. ஆனா உள்ள இன்னா இருக்குன்னு எனக்கும் காட்டிடணும்.” அக்காவும்!

சென்னைக்குத் தனியாகப் போய் வருகிறேன் என்றேன். “நானும் வர்றேன்” என்றார் அண்ணன். விடியற்கால பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. காகிதக் கட்டை அவரே மடியில் வைத்துக்கொண்டார். விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது ஒன்றுக்குப் போக இறங்கியவர், கட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. கோபத்தில்தான் வந்தது என்று அப்போது நினைத்தேன்.

சுங்க ஆபீசில் எங்களை உட்கார வைத்து, நிற்க வைத்து, வேறு ஜன்னலுக்கு அனுப்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அதிகாரி கறாரான ஆள், ஆனால் மரியாதையாகப் பேசினார். எக்ஸ்ரேயில் சக்கரமும் கம்பியுமாகத் தெரிந்ததால் ஏற்கெனவே திறந்து சோதித்திருக்கிறோம் என்றார். நான் முதலில் பார்த்தது ஈய முத்திரையைத்தான். கம்பி வெட்டப்பட்டு, முத்திரை ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாகக் கிடந்தது.

“இது என்ன சார்?” என்று கேட்டார் அதிகாரி.

“பொறா வந்து சேர்ற நேரத்தைப் பதிவு பண்றதுங்க.”

“புறாவுக்கா?” அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் கடிகாரத்தையே பார்க்கவில்லை. பெட்டிக்குள் பந்து பந்தாகத் திணித்திருந்த பெல்ஜியத்துப் பத்திரிகைத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, கையால் நீவி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழைத் தவிர ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாத மனுஷன். கடைசித் தாள் வரை பார்த்தார். ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தீர்வையைக் கட்டிப் பெட்டியை வாங்கி வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நாலு பேரும் மாடியில் கூடினார்கள். டெய்லர் குனிந்து கம்பியைப் பார்த்தார். “சீலு வெட்டிகீதே பாய்.”

“சுங்கத்துல வெட்டுனது.”

“நீங்க சொல்றீங்க” என்றார். புது முத்திரை வைக்க வேண்டுமென்றால் அதற்கான ஈயமும் இடுக்கியும் பெல்ஜியத்திலிருந்துதான் வர வேண்டும். காகிதச் சுருளும் அங்கிருந்துதான். நான் போனைக் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் அதே வரியைப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பீரோ மேல் தூக்கி வைத்தேன். அத்தோடு வெளிநாட்டுச் சாமானைத் தலைமுழுகினேன்.

ரமலான் முடிந்த அடுத்த வாரம் அண்ணன் மாடிக்கு வந்தார். உட்காரவில்லை.

“வாரிசுச் சான்றிதழ் எடுத்தாச்சு. பத்திரம் போட்டுக்கலாம்.”

“அத்தா மேல சந்தேகமா, என் மேல சந்தேகமாண்ணே?”

“யார் மேலயும் இல்லடா. நாளைக்கு நம்ம புள்ளைங்க அடிச்சிக்கக் கூடாது இல்ல.”

பிள்ளைகள் கீழே ஒரே தட்டில் சேமியா தின்றுகொண்டிருந்தார்கள். நான் கெஞ்சியிருக்கலாம். “சரி, போட்டுக்கலாம்” என்று வீம்பாகச் சொன்னேன். அக்கா தன் பங்கை இருவருக்கும் விட்டுக் கொடுத்தாள். கடைத்தெருக் கடைகள் அவரவருக்கு. வீடு முழுசும் அண்ணனுக்கு, கச்சிராயபாளையம் சாலையில் அத்தா வாங்கிப் போட்டிருந்த மனை எனக்கு. பத்திர ஆபீசில் கையெழுத்துப் போடும்போது நான் எல்லாப் பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். அவரும் படித்தார்.

புது வீடு கட்டிக் குடிபோனோம். மொட்டை மாடியில் நல்ல கூண்டு கட்டினேன். புறாக்களை ஒன்றரை மாதம் அடைத்தே வைத்து, இதுதான் வீடு என்று பழக்கினேன். ஒருநாள் காலையில் திறந்துவிட்டேன். ஒரு வட்டம் அடித்தன, நேராகக் கடைத்தெருப் பக்கம் போயின. கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து போன். பத்திரம் போட்ட பிறகு நாங்கள் பள்ளிவாசலில் சலாம் சொல்வதோடு சரி. அன்றுதான் முதல் போன்.

“உன் பொறா வந்து மாடில குந்தினுகீது. வந்து புடிச்சுனு போ.”

கூடையோடு போய்ப் பிடித்து வந்தேன். அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும். அண்ணி டீ வேண்டுமா என்று கேட்பாள், வேண்டாம் என்பேன். மூன்றாவது தடவை போனபோது மாடியில் தண்ணீர்ச் சட்டி ஒன்று வைத்திருந்தது. தீனிக்குக் கம்பு இறைந்திருந்தது. பாவம் பார்த்து வைத்ததா, புறாக்களை வளைத்துப் போட வைத்ததா என்று வழியெல்லாம் யோசித்தேன். அப்படித்தான் என் புத்தி ஓடும்.

இதற்கு மேல் முடியாது, விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆத்தூர்ப் பக்கம் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, நீலப் பெட்டையை மட்டும் கூடையில் போட்டுக்கொண்டு தனியாக வெள்ளிமலைக்குப் போனேன். ஏழு பத்துக்குக் கூடையைத் திறந்தேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிழக்கே போனது. எந்த வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்துதான் விட்டேன். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நேரம் பார்க்க ஆளும் இல்லை, போட்டிக்கு ஆளும் இல்லை.

போன் அடித்தது. அண்ணன்.

“இன்னா, மலைலேர்ந்து விட்டியா?”

“ஆமாண்ணே. உங்களுக்கு யார் சொன்னது?”

“கூடையத் தூக்கிக்கினு பஸ் ஏறுனத பார்த்தேன். அப்பலேர்ந்து மேலதான் குந்தினு இருக்கேன்.” மூச்சு வாங்கினார். அவருக்கு முழங்கால் வலி, படி ஏறினாலே ஆகாது. “நீலம் எறங்கிருச்சு. கீழ போய்க் கூடத்துல மணி பார்த்துட்டுதான் பேசுறேன். ஏழு அம்பத்தி மூணு. எழுதிக்கோ.”

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ஏழு ஐம்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டேன். எந்தக் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை.